சந்தை விலையும் மலைக்காடும்

காலநிலை மாற்றம் பற்றிப் பேசுவோரில் ஒரு சாரார் அதனை விஞ்ஞானப் பொருளாகக் கொண்டு காபனீரொட்சைட்டின் அளவையும் வெப்பத்தின் ஏற்றத்தையும் கணக்கிடுவர். மற்றொரு சாரார் அதனை ஒழுக்கப் பொருளாகக் கொண்டு மனிதரின் பேராசையைக் கண்டிப்பர். இரண்டும் வேண்டியனவே. ஆயினும் ஒரு மலையிலுள்ள காடு குறிப்பிட்ட ஓர் ஆண்டில் ஏன் வீழ்ந்தது, வேறோர் ஆண்டில் ஏன் தப்பியது என்று வினவினால் இவ்விரு சாராரிடத்தும் விடை கிடைப்பது அரிது. அதற்குச் சுங்கத் தீர்வைப் பட்டியலையும் ஏல விற்பனையின் விலைக் குறிப்பையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். கண்டியைச் சூழ்ந்த மலைகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இதற்குச் சான்று பகர்கின்றன.

கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டு பிரித்தானியர் வசமாயிற்று. அதன்பின் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைந்தது. 1820களில் கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் தாமும் கோப்பி பயிரிட்டனர். மண் நல்லது, மழை நல்லது, தெருவும் உண்டு. ஆயினும் கோப்பிச் செய்கை பெருகவில்லை. இலண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்குக் குறைந்த தீர்வையும் இலங்கைக் கோப்பிக்குக் கூடிய தீர்வையும் விதிக்கப்பட்டமையே காரணம். 1834 இல் பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட, மேற்கிந்தியத் தோட்டங்களின் விளைச்சல் குன்றியது. மறு ஆண்டே தீர்வை வேற்றுமை நீக்கப்பட்டது. அதன் பின்னரே கண்டிக் காடுகளிற் கோடரி ஓங்கி விழலாயிற்று.

காட்டை விற்பதற்கு முதலில் அது அரசுக்குச் சொந்தமாதல் வேண்டுமன்றோ! அதற்கென 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலம், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியதென்றே கொள்ளப்படும் என்று அச்சட்டம் கூறிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்துவந்த கிராமத்தவரிடம் உறுதி ஏது? ஏக்கர் ஒன்று 5 ஷில்லிங் வீதம் நிலம் கைமாறியது. வாங்கியோருள் அரசாங்க உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். 1840களின் இறுதியிற் கோப்பி விலை வீழ்ந்து, குடியேற்ற நாட்டுக் கோப்பிக்கு இலண்டனில் இருந்த சலுகையும் படிப்படியாக அருகியது. வருவாய் குன்றிய அரசு புதிய வரிகளை விதிக்க, 1848 இல் மாத்தளையிலும் கண்டியிலும் கலகம் மூண்டது. விலை பின்னர் மீண்டது. வெட்டிய காடு மீளவில்லை. 1870களின் இறுதியிற் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராகப் பெருகியிருந்தது. தமிழகத்தினின்று மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்த மக்களே அத்தனை நிலத்திலும் உழைத்தோர். வழியிலேயே நோயுற்று மாண்டோர் மிகப் பலர்.

காலநிலை என்னும் சொல் இவ்வரலாற்றில் நுழையும் இடத்தை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்சு என்பார் காடழிவினால் மழையும் நீரூற்றும் குன்றும் என அஞ்சினார். கியூ பூங்காவின் தலைவரான ஜோசப் ஹூக்கர் அக்கருத்தை ஏற்று, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்றலும் வெட்டுதலும் கூடாதென 1873 இல் பிரித்தானிய அரசுக்கு அறிவுரை வழங்கினார். காபனீரொட்சைட்டைப் பற்றிய கவலை அன்று எவருக்கும் இல்லை. ஆயினும் காலநிலையைக் காரணம் காட்டிக் காட்டைக் காக்க முனைந்த முயற்சிகளுள் இதுவும் பழையதொன்று. ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் இன்று நிற்பதற்கு அவ்வறிவுரைக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

எனினும் அந்த 5,000 அடிக் கோடு எங்கு வரையப்பட்டது என்பதை உற்று நோக்குக. கோப்பி செழித்து வளரும் நிலம் பெரும்பாலும் அக்கோட்டுக்குக் கீழேயே அமைந்தது. அங்கிருந்த காடோ பெரும்பாலும் விற்றாகிவிட்டது. வாணிகத்துக்கு அதிகம் வேண்டாத உயரத்திற் காவல் தொடங்கியது. வேண்டிய உயரத்தில் அது வாய் திறக்கவில்லை. அறிஞரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. அரசு தன் வருவாய்க்கு இடையூறில்லாத அறிவுரையையே விரைந்து கேட்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

கோப்பியை வீழ்த்தியது சட்டமன்று, பூஞ்சணம். 1869 இல் வெளிப்பட்ட இலைத்துரு நோய் இருபதாண்டுக்குள் அத்தொழிலை அழித்தது. அதனை ஆராய வந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றி ஒரே பயிரை மலை முழுதும் நட்டதே நோய் பரவ வழிவகுத்ததென்று கண்டார். ஹேவாஹெட்டப் பகுதியில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் நட்ட 19 ஏக்கர் தேயிலை அதற்குள் வழிகாட்டிவிட்டது. ஒற்றைப் பயிரால் வந்த கேட்டுக்கு மற்றுமொரு ஒற்றைப் பயிரே மருந்தாயிற்று! தேயிலையோ கோப்பியினும் உயரத்திற் செழிக்கும். நுவரெலியாவில் 6,000 அடிக்கு மேலும் அது வளர்வதைக் காண்கிறோம்.

தேயிலையின் பரவலைத் தடுத்த செயல்களுள் வலியதொன்றை நமது பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினாற் தேயிலை விலை சரிந்தது. இந்தியா, இலங்கை, ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றின் உற்பத்தியாளரும் கூடிச் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையைச் செய்தனர். 1933 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 1929 முதல் 1931 வரையான ஆண்டுகளுள் மிகக் கூடிய ஏற்றுமதியில் நூற்றுக்கு 85 பங்கே முதலாண்டில் அனுப்பலாம்; புதிய நடுகை இருக்கும் பரப்பில் அரைவீதத்துக்கு மேற்படலாகாது. இவ்வுடன்படிக்கை பின்னர் புதுப்பிக்கவும் பட்டது. விலையைத் தாங்குவதே அதன் ஒரே நோக்கம். ஆயினும் புதிதாக நடலாகாதெனின் புதிதாகக் காடு வெட்டவும் தேவையில்லை. வாணிகருக்குள் அமைந்த கட்டுப்பாடு, அவர்கள் எண்ணாமலே, மரங்களுக்கும் அரணாயிற்று என்பது என் துணிபு. இன்று சூழலியல் உடன்படிக்கைகளை வகுப்போர் இதனைப் படித்தல் நன்று. அதே வேளை அக்கட்டுப்பாட்டின் சுமையிற் பெரும்பங்கு கூலி குறைந்த, வேலை இழந்த தொழிலாளர் தலையிலேயே விழுந்தது என்பதையும் மறத்தலாகாது.

மண்ணின் கதை வேறு. தோட்டங்களிற் களை ஒரு புல்லும் இன்றிச் சுரண்டப்பட்டது. மலைச்சரிவில் மூடாது கிடந்த மேல்மண் மழையோடு மகாவலியில் இறங்கியது. 1931 இல் மண்ணரிப்பைப் பற்றி ஒரு குழு அறிக்கை அளித்தது. மண்காப்புச் சட்டம் 1951 இலேயே வந்தது. கொழும்பு ஏலத்தில் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் கூலி உண்டு, பசளை உண்டு, கப்பற் கட்டணமும் உண்டு. கரைந்துபோன மண்ணுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பொருளியலார் இதனைப் புறச்செலவு என்பர். விற்பவனும் செலுத்துவதில்லை, வாங்குபவனும் செலுத்துவதில்லை, ஆற்றங்கரையிலுள்ள மூன்றாமவன் செலுத்துகிறான். பொல்கொல்ல அணை 1976 இலும் கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் 1985 இலும் செயற்படத் தொடங்கிய பின்னர், அம்மூன்றாமவன் நாடு முழுவதுமானான். நீர்த்தேக்கத்திற் படியும் வண்டல் மின்சாரத்தைக் குறைக்கும் வண்டல் அன்றோ!

மின்சாரத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1990களின் தொடக்கத்தில் இலங்கையின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீர்வீழ்ச்சியால் ஆனது. 1996 இல் வரட்சி வந்து நாடு இருண்டது. பின்னர் எண்ணெயும், 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரியும் வந்தன. 900 மெகாவாற்று ஆற்றலுள்ள அந்நிலையம் சீனக் கடனாற் கட்டப்பட்டது. 2021 இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த உறுதியில் இலங்கை 2030 அளவில் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களினின்று பெறுவதாகக் கூறியது. காற்றும் வெயிலும் நமக்குக் குறைவில்லை. ஆயினும் நிலக்கரி நிலையத்துக்கு எரிபொருட் செலவு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வரும். காற்றாலைக்கோ செலவிற் பெரும்பகுதி முதல் நாளே, அதுவும் டொலரில் வேண்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த நாட்டுக்கு அம்முதலை எவர் குறைந்த வட்டிக்குக் கொடுப்பார்? உலகக் கழிவு வாயுவில் நமது பங்கு நூற்றுக்கு பத்தில் ஒன்றும் இல்லை. செல்வ நாட்டிற் குறைந்த வட்டியில் எழும் காற்றாலை இங்கு வட்டியாலேயே விலையேறி நிற்கிறது.

செலாவணித் தட்டுப்பாடு சூழலியலின் வேடம் பூண்டதும் உண்டு. 2021 மே மாதம் செயற்கைப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நோக்கம் இயற்கை வேளாண்மை எனப்பட்டது. கருவூலம் வற்றியிருந்ததும் யாவரும் அறிந்ததே. பேராதனையிலுள்ள வேளாண்மை அறிஞர் எச்சரித்தும் பயனில்லை. நவம்பரில் தடை நீங்கினும் கேடு விளைந்துவிட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல் 2022 இல் 25 கோடியளவாகக் குறைந்தது. நாட்கூலியாளருக்குக் கொழுந்து குறைந்தால் கையிற் பணமும் குறையும். மண்ணைத் திருத்தப் பல ஆண்டுகள் வேண்டும் என்பதை ஒரு வர்த்தமானி அறிவித்தல் மாற்ற இயலாது.

வெளியிலிருந்து வரும் விதிகளும் உள. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் ஒரு சட்டம் இயற்றிற்று. 2020 டிசம்பர் 31 க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த கோப்பி, கொக்கோ, இறப்பர், மரம் முதலியன அங்கு நுழையலாகா என்பது அதன் சாரம். நடைமுறைத் தேதி ஒருமுறைக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டது. தேயிலை அப்பட்டியலில் இல்லை, இறப்பர் இருக்கிறது. விதியை நான் பழிக்கவில்லை. இன்று நிற்கும் காட்டை அது காக்கக்கூடும். ஆயினும் கணக்குத் தொடங்கும் நாளை வாங்குவோரே வகுத்தனர். அந்நாள் 1840 ஆக இருந்திருப்பின், கண்டியில் எழுதவேண்டிய பற்றுச்சீட்டு எவர் பெயரில் வந்திருக்கும்? சிறு இறப்பர்த் தோட்டக்காரர் தம் நிலத்தின் வரைபடத்தைத் தாமே காட்டவேண்டிய செலவும் விலையிற் சேராத செலவுகளுள் ஒன்றாகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு பெய்த பெருமழையிற் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு புயலை முழுவதும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுதல் முறையன்று; எனினும் ஒரு பாகை செல்சியசு வெப்பம் ஏறினால் வளி ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடிய நீராவியைத் தாங்கும் என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. மண்சரிவு அபாயமுள்ள இடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமிட்டுள்ளது. அங்குள்ள லயங்களில் வாழ்வோர் வேறிடம் செல்ல வேண்டுமெனின் உறுதியான நிலம் வேண்டும். தோட்ட எல்லைக்குள் அத்தகைய நிலத்தில் தேயிலை நிற்கிறது. அதனை 1992 முதல் கம்பனிகள் அரசிடம் குத்தகைக்குப் பெற்று நடத்துகின்றன. தொழிலாளர் குடும்பமொன்றின் வீட்டுக்கென அரசு வகுத்த அளவு சில பேர்ச்சே. அந்தச் சில பேர்ச்சை எத்தோட்டத்தின் எம்மேட்டிலிருந்து, எந்த ஏக்கர் தேயிலையைப் பிடுங்கி எடுப்பது என்பதே இப்போது கண்டி மாவட்டத்தின் தோட்ட அலுவலகங்களிற் பேசித் தீர்க்கப்பட வேண்டியது.