சிகரெட் கம்பெனி ஃபைலில் பாடம் படித்த கணினி

மளிகை பில்லைப் போட்டோ எடுத்துப் போட்டால் கடை பெயர், தேதி, மொத்தத் தொகை என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறது செல்போன். இந்த வித்தையைக் கணினி கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் பழைய ஃபைல்களுக்கு உண்டு.

ஆவணம் படிக்கப் பழக்க லட்சக்கணக்கில் நிஜமான ஆபீஸ் காகிதம் வேண்டும். எந்தக் கம்பெனி தன் பீரோவைத் திறந்து காட்டும்? சிகரெட் கம்பெனிகளும் மனமுவந்து காட்டவில்லை. தங்கள் மீதான வழக்குகளை முடிக்க 1998-ல் 46 மாநிலங்களோடு செய்துகொண்ட சமரசத்தில், உள் ஆவணங்களைப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டியதாயிற்று. அவற்றில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை சிகாகோவின் இல்லினாய் தொழில்நுட்பக் கழகம் ஆராய்ச்சிக்கென ஒழுங்குபடுத்தியது. 2015-ல் டொராண்டோ ஆய்வாளர்கள் அதிலிருந்து 4 லட்சம் பக்கங்களை எடுத்து கடிதம், மெமோ, இன்வாய்ஸ், ரெஸ்யூமே என 16 வகையாகப் பிரித்தார்கள்.

2019-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘லேஅவுட்எல்எம்’ என்ற மாதிரி, இல்லினாய் கழகத்தின் முழுக் குவியலிலிருந்து 1.1 கோடி பக்கங்களைப் படித்தது. பாடம் நடந்த விதம்தான் சுவாரஸ்யம். பக்கத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 0 முதல் 1000 வரை அளந்து, ஒவ்வொரு சொல்லும் எங்கே நிற்கிறது என்று குறித்துக் கொடுத்தார்கள். பிறகு சில சொற்களை மட்டும் மறைத்தார்கள். அவை இருந்த இடத்தை மறைக்கவில்லை. ‘தேதி’ என்ற சொல்லுக்கு வலப்பக்கம், அதே வரியில் ஒரு மறைப்பு. அங்கே என்ன இருந்திருக்கும்? தப்பாக ஊகித்தால் திருத்து, மறுபடி ஊகி. கோடிக்கணக்கில் இப்படி நடந்த பிறகு, எண்கள் வரிசையாக இறங்கும் பத்தியின் அடியில் கூட்டுத்தொகை வரும் என்பது யாரும் சொல்லாமலே அதற்குப் பிடிபட்டுவிடுகிறது.

குறையும் கூடவே வந்தது. அந்த 4 லட்சத்தை 2023-ல் சோதித்தவர்கள், ஏறக்குறைய 8 சதவீதப் பக்கங்கள் தவறான வகையில் கிடப்பதாக மதிப்பிட்டார்கள். தனி மனிதர்களின் அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண்கள்கூட அதில் இருந்தன. வழக்கு கம்பெனிகள் மீது. என்றைக்கோ ரெஸ்யூமே கொடுத்தவர் என்ன பாவம் செய்தார்?

சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கு இப்படியொரு புதையல் சிக்கவில்லை. அதனால் ‘டோனட்’ என்ற மாதிரியை உருவாக்கிய கொரியாவின் நேவர் குழு, ஆவணத்தையே செய்துவிட்டது. விக்கிபீடியாவிலிருந்து சொற்கள், பக்கத்துக்குக் காகிதத்தின் படம், கொஞ்சம் கோணல், கொஞ்சம் மங்கல். மொழிக்கு 5 லட்சம் பக்கம். படத்தைக் கொடுத்தால், எழுத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வேலையே இல்லாமல், கேட்ட விவரத்தை டோனட் நேரடியாக எழுதித் தருகிறது.

தமிழுக்கும் இதே வழியில் பொய்ப் பக்கம் அச்சடிக்கலாம், தடையில்லை. ஆனால் பத்திர எழுத்தர் கைப்பட எழுதிய பழைய கிரயப் பத்திரத்தில், சர்வே எண் நீண்ட வாக்கியத்தின் நடுவே புதைந்து கிடக்கும். கட்டமும் இல்லை, தலைப்பும் இல்லை. ‘கிழக்கே வண்டிப்பாதை’ என்று நான்கெல்லை சொல்லும் நடை விக்கிபீடியாவில் கிடைக்காது. அதைப் பழக்க நிஜப் பத்திரம்தான் வேண்டும். அதிலோ விற்றவர், வாங்கியவர், அவர்களின் அப்பா பெயர், விலாசம், கைரேகை வரை எல்லாம் இருக்கிறது.