இருண்ட கதை நம் பிள்ளைகளுக்கு ஆகுமா?



பள்ளி நூலகத்திலிருந்து பிள்ளை ஓர் ஆங்கில நாவலைக் கொண்டு வருகிறது. அட்டை கன்னங்கரேல் என்று இருக்கிறது. தலைப்பில் 'மான்ஸ்டர்' என்ற சொல். குடும்ப ஜெபமும் வேத வாசிப்பும் உள்ள வீட்டில் இதைப் படிக்க விடலாமா? கிறிஸ்தவப் பெற்றோர் பலரின் கேள்வி இது.

பாயான் பாரு போன்ற இடங்களில் இந்தக் கேள்விக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த நகரம் இது. தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெற்றோரில் பலர் தமிழ் வேதாகமத்தைச் சரளமாக வாசிப்பார்கள். 200 பக்க ஆங்கில நாவலைப் படிக்க நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆகவே அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லி விடுகிறோம்.

அட்டைத் தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹாரி பாட்டர் ஓர் உதாரணம். 2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்கள் என்று அந்நாட்டு நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் அந்த வரிசைக்குத்தான் முதலிடம். 2019-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் பாதிரியார்கள் சில பொருட்களோடு ஹாரி பாட்டர் நூலையும் எரித்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அந்த வரிசையின் 2007-இல் வந்த கடைசி நூலில், இரண்டு கல்லறைகளின் மேல் பொறிக்கப்பட்டிருப்பவை புதிய ஏற்பாட்டு வசனங்கள். எரித்தால் இது தெரியுமா? படித்தால் அல்லவா தெரியும்!

ஒரு நூலை எடுத்துப் பார்ப்போம்

'எ மான்ஸ்டர் கால்ஸ்' என்ற நாவலைப் பார்ப்போம். புற்றுநோயால் 2007-இல் இறந்த ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளர் விட்டுச்சென்ற கருவை வைத்து பேட்ரிக் நெஸ் எழுதியது. 2011-இல் வெளிவந்தது. மறு ஆண்டு, எழுத்துக்கான கார்னகி பதக்கமும் ஜிம் கே வரைந்த ஓவியங்களுக்கான கேட் கிரீனவே பதக்கமும் இதற்கே கிடைத்தன.

கதாநாயகன் கோனருக்கு 13 வயது. நம் நாட்டில் முதலாம் படிவம் படிக்கும் வயது. அவன் அம்மாவுக்குப் புற்றுநோய். நள்ளிரவு 12.07-க்கு, தேவாலயக் கல்லறைத் தோட்டத்து மரம் பூதமாகி அவன் ஜன்னலுக்கு வருகிறது. மூன்று கதைகள் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது.

அந்த உண்மை என்ன? அம்மா பிழைக்க வேண்டும் என்று ஏங்கும் அதே பையன், இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும் என்றும் நினைத்து விட்டான். அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவனை இரவெல்லாம் துரத்துகிறது.

மூன்று கேள்விகள்

முதலாவது: தீமையைத் தீமை என்று கதை காட்டுகிறதா? பூதத்தின் முதல் கதையில் சூனியக்காரி எனப்படும் ராணி கொலைகாரி அல்ல. எல்லோரும் விரும்பும் இளவரசனே கொலைகாரன். பிள்ளைகள் குழம்பலாம். ஆனாலும் கொலை கொலையாகவே நிற்கிறது. இரண்டாம் கதையில் ஒரு போதகரின் வீடு இடிக்கப்படுகிறது. இது மதத்தைக் கேலி செய்வதல்ல. மகள்களைக் காப்பாற்றத் தன் நம்பிக்கையையே விட்டுக்கொடுக்கத் துணிந்த மனிதரைத்தான் கதை கண்டிக்கிறது.

இரண்டாவது: கதை எதை நாடச் சொல்கிறது? குறி கேட்பதையும் மந்திரத்தையும், செத்தவர்களிடம் கேட்பதையும் உபாகமம் 18-ஆம் அதிகாரம் தடுக்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் இது இணைச்சட்டம். கோனர் மந்திரம் ஓதவில்லை, சடங்கு செய்யவில்லை. ஆனால் அந்தப் பூதம், பழைய ஆங்கில நாட்டுப்புறக் கதைகளில் வரும் காட்டுத் தெய்வங்களின் பெயர்களைத் தனக்குச் சொல்லிக்கொள்கிறது. நம் ஊர் ஆலமரத்து முனி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இது பழங்கதை, நம் விசுவாசம் அல்ல' என்று பெற்றோர் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது: இந்தப் பிள்ளைக்கு, இந்த நேரத்தில் இது ஏற்றதா? 9 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். 12, 13 வயதுக்கு ஆகும். ஆனால் வீட்டில் ஒருவர் கடும் நோயில் இருக்கிறார் என்றால், புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு நாம் வேலைக்குப் போய்விடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய நூல் அது.

இருட்டு வேதத்திலும் உண்டு

வேதாகமம் பிள்ளைகளிடமிருந்து இருட்டை மறைக்கவில்லை. காயீன் தம்பியைக் கொல்கிறான். ஏரோது குழந்தைகளை வெட்டுகிறான். 88-ஆம் சங்கீதம் வெளிச்சத்தில் முடியாமல் இருளிலேயே முடிகிறது. துக்கத்தை ஒளிக்காமல் கடவுளிடம் கொட்டலாம் என்பதே அதன் பாடம். கோனருக்கு அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. இந்த நாவலில் ஜெபத்தின் ஆறுதலும் இல்லை, உயிர்த்தெழுதலின் நம்பிக்கையும் இல்லை. இது குறைதான். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். 'இன்று படித்ததைத் தமிழில் சொல்லு கண்ணு' என்று கேளுங்கள். எங்கே குரல் தடுமாறுகிறது, எதைச் சொல்லாமல் தாண்டுகிறது என்று கவனியுங்கள். புத்தகத்தைப் பற்றி மட்டுமல்ல, பிள்ளையின் மனத்தில் கிடப்பது என்ன என்பதும் தெரிந்துவிடும்.

தடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை தலையணைக்கு அடியில் வைத்துத் தனியாகப் படிக்கும். பயத்தையும் தனியாகவே சுமக்கும். அப்படி விடலாமா? சிந்தியுங்கள்.