கருப்பை வாயைப் படிக்கும் கணினி

ஹெச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் உடலை விட்டு நீங்காமல் தங்கிவிட்ட பெண்களுள் சிலருக்கே கருப்பை வாய்ப் புற்றுநோய் உண்டாகிறது. அதுவும் செல்கள் படிப்படியாக மாறிப் புற்றாக முற்றப் பல ஆண்டுகள் ஆவதால், தடுப்பதற்குரிய கால இடைவெளி தாராளமாகவே இருக்கிறது. இருந்தும் 2022இல் உலகில் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இந்நோயால் இறந்தனர். அவர்களுள் 94 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

செல்களை நுண்ணோக்கியில் ஆராயும் பாப் பரிசோதனைக்கு ஆய்வகமும் வல்லுநரும் தேவை. இவை எட்டாத ஊர்களில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார்கள். உட்கரு பெருத்துப் புரதம் செறிந்த செல்கள் இருக்குமிடம் வெளுத்துத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், இத்தகைய ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையும் அதைத் தொடர்ந்த சிகிச்சையும் இந்நோயால் ஏற்படும் இறப்பை 35 விழுக்காடு குறைத்தன. ஆயினும் அழற்சியாலும் வெண்மை தோன்றுமாதலால், பார்ப்பவருக்குப் பார்ப்பவர் முடிவு மாறுபடுகிறது.

படமெடுத்துத் தொலைவிலுள்ள மருத்துவருக்கு அனுப்புவது இதற்கொரு தீர்வு; மருத்துவர்களே குறைவாக உள்ள இடத்தில் அதுவும் தேங்கிவிடும். ஆகவே படத்தைக் கணினியே மதிப்பிடும் முறையை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் முயன்றனர். கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டே மாகாணத்தில் 1990களில் தொடங்கி 9,000க்கும் மேற்பட்ட பெண்களை ஏழாண்டு வரை தொடர்ந்து கவனித்துச் சேர்த்த படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நிரலின் துல்லியம் 0.91 என 2019இல் அறிவித்தனர். பாப் பரிசோதனைக்குக் கிடைத்ததோ 0.71. இந்த அளவுகோலில் 1 என்பது பிழையே இல்லாத நிலை, 0.5 என்பது காசைச் சுண்டி முடிவு செய்வதற்கு ஒப்பானது.

அந்த எண் எழுப்பிய ஆரவாரம் சற்று அவசரப்பட்டது என்றே சொல்ல வேண்டும். பயிற்சிப் படங்கள் பழைய பிலிம் கேமராவில் எடுத்தவை. கைபேசிப் படங்களில் அந்த நிரல் தடுமாறியது. ஒரே பெண்ணை அடுத்தடுத்து எடுத்த இரு படங்களுக்கு வெவ்வேறு விடை தரும் சிக்கலும் தெரியவந்தது. எனவே இப்போது ஹெச்.பி.வி. பரிசோதனையை முதலில் செய்து, தொற்றுள்ளவர்களுள் யாருக்கு உடனடிச் சிகிச்சை வேண்டும் எனப் பிரித்தறியும் இரண்டாம் படியாக மட்டுமே கணினியைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. முதற்படிக்கான மாதிரியைப் பெண்ணே எடுத்துக் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்கள் பலருக்கு, புற்று பெரும்பாலும் தொடங்கும் எல்லைப் பகுதி கருப்பை வாய்க் குழாயினுள் ஒடுங்கிவிடுவதால், கேமராவுக்கே தெரியாத அவ்விடத்தைப் பற்றி எந்த நிரலும் தீர்ப்புச் சொல்ல இயலாது. அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.