ஏலக்காரர் யூதாஸ் ஆன கதை

கொல்கத்தா பி.பி.டி. பாக் ஆபீஸ்களிலிருந்து செயின்ட் ஜான்ஸ் ஆலயத்துக்கு நடந்தே போய்விடலாம். உள்ளே இயேசுவின் கடைசி இராப்போஜனத்தைக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பேர் பெற்று, 1783-ல் இந்தியா வந்த ஜோஹான் ஜோஃபனி. ஆலயம் திறக்கப்பட்ட 1787-ல் அவர் தந்த அன்பளிப்பு அது.

அன்பளிப்புதான், ஆனால் குறும்பு பிடித்த அன்பளிப்பு! சீடர்களுக்கு ஊர்ப் பிரமுகர்களின் முகங்களையே வைத்துவிட்டார் ஓவியர். இயேசுவுக்குக் கிரேக்கப் பாதிரியார் பார்த்தெனியோவின் முகம். அன்புச் சீடர் யோவானுக்கு, போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்த பிளாக்கியரின் முகம். 30 வெள்ளிக் காசுக்குக் குருவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு? ஏலக்காரர் துல்லோவின் முகம் என்கிறார்கள். ஞாயிறுதோறும் ஊரே கூடும் ஆலயத்தில், பீடத்துக்கு மேலே மாட்டிய படம் அது. மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும்? கோர்ட்டுக்குப் போனார் என்றும் ஒரு பேச்சு உண்டு.

ஜெருசலேம் விருந்தில் நம் நாட்டுச் சாமான்களும் புகுந்துவிட்டன. எச்சில் படிக்கம், தண்ணீர்க்காரர் சுமக்கும் ஆட்டுத்தோல் பை, சேவகரின் வாள் மூன்றையும் படத்தில் காணலாம்.

ஈரத்தில் நைந்திருந்த படத்தை 2010-ல் ஜெர்மன் நிபுணரின் உதவியோடு சீர்செய்தார்கள். அழுக்கு நீங்கியதில் துல்லோவின் முகமும் தெளிந்துவிட்டது.