யாரும் காணாத ஓட்டம்

1981 ஆம் ஆண்டு மார்ச்சு 29 ஆம் நாள் இலண்டன் மாநகரில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்நகரின் முதல் மாரத்தான் ஓட்டம் அன்றுதான் நடைபெற்றது. அமெரிக்கரான டிக் பியர்ட்ஸ்லியும் நார்வே நாட்டவரான இன்கே சிமோன்சனும் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தனர். இறுதிக் கோட்டை நெருங்கியபோது ஒருவரை ஒருவர் வெல்ல முயலாமல், கைகோத்துக்கொண்டு ஒன்றாகவே அதைக் கடந்தனர். இருவருக்கும் ஒரே நேரம்: 2 மணி 11 நிமிடம் 48 வினாடி.

ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதே போட்டி என்று பழகிய நமக்கு இது புதுமையன்றோ! இவ்வோட்டம் வளர்ந்த வழியும் அத்தகையதே.

இதைத் தொடங்கியவர்கள் கிறிஸ் பிராஷர், ஜான் டிஸ்லி என்னும் நண்பர்கள். பிராஷர் 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடைதாண்டும் நெடுந்தொலை ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றவர். டிஸ்லி 1952 இல் ஹெல்சிங்கியில் அதே ஓட்டத்தில் வெண்கலம் பெற்றவர். 1979 இல் நியூயார்க் மாரத்தானில் ஓடிய இவர்கள், பல இனத்தவரும் மகிழ்ந்து ஒன்றாய் ஓடிய அக்காட்சியைத் தம் நகரிலும் காண விழைந்தனர். ஓட்டத்தில் எஞ்சும் பணம் நகர மக்களின் விளையாட்டு வசதிகளுக்கே செல்ல வேண்டும் என்பது அவர்கள் தொடக்கத்திலேயே கொண்ட நோக்கம். பின்னர், ஓடுகிறவர்களே தொண்டு நிறுவனங்களுக்காக நிதி திரட்டும் வழக்கம் வேரூன்றியது. 2019 ஆம் ஆண்டளவில் இவ்வாறு திரண்ட தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. 2025 இல் ஓடி முடித்தவர்கள் 56,000 பேருக்கும் அதிகம்.

ஒரு நியாயமான கேள்வி

“உதவ விரும்புகிறவர் பணத்தை நேரே கொடுத்துவிடலாமே! வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்றிருக்க, மார்பில் எண்ணைக் குத்திக்கொண்டு நடுவீதியில் ஓடுவது தற்பெருமை ஆகாதா?” என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

தொண்டு நிறுவனம் தனக்குரிய இடங்களில் ஒன்றை ஒருவருக்கு அளிக்கும்போது, பெரும்பாலும் 2,000 பவுண்டு அளவில் நிதி திரட்டித் தருவதாக அவர் உறுதி கூற வேண்டும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவரிடம் அவ்வளவு பணம் கையில் இராது. ஆகவே உறவினரிடமும், உடன் பணிபுரிவோரிடமும், அண்டை வீட்டாரிடமும் அவர் கேட்டாக வேண்டும். பிறருக்காகக் கை நீட்டுவது, தம் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதைவிடக் கடினமானது. “நீ என்ன செய்கிறாய்?” என்று யாரேனும் திருப்பிக் கேட்டால், “நான் 42 கிலோமீட்டர் ஓடுகிறேன்” என்பதே அவரது விடை. பணத்தைப் பிறர் தருகின்றனர். உழைப்பை அவர் ஈடு வைக்கிறார்.

அவ்வுழைப்பில் பெரும்பகுதி எவர் கண்ணிலும் படுவதில்லை.

இருளில் ஓடும் மாதங்கள்

இலண்டன் மாரத்தான் வழக்கமாக ஏப்பிரலில் நடைபெறுகிறது. பயிற்சிக்கு ஏறத்தாழ 16 வாரங்கள் வேண்டும். எனவே கடுங்குளிர் காலத்திலேயே தொடங்கியாக வேண்டும். சனவரி மாதத்தில் அந்நகரில் கதிரவன் உதிக்கவே காலை 8 மணியாகிவிடும். வேலைக்குச் செல்வோர் இருளிலேயே எழுந்து ஓடுகின்றனர். கைதட்ட அங்கே எவருமில்லை.

வாரத்தில் மூன்று நான்கு நாள்கள் ஓட்டம். அவற்றுள் ஒரு நாள் நெடுந்தொலைவு. அத்தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, 30 கிலோமீட்டர் வரை கொண்டுசெல்வர். இறுதி இரண்டு மூன்று வாரங்களில் ஓட்டத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருவர். ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதை ஆர்வமிக்க இளைஞர்கள் மறந்துவிடுகின்றனர். மாவுச்சத்திலிருந்து தசைகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தீரத் தொடங்கும். கால்கள் ஈயமாய்க் கனக்கும். இதனைச் சுவரில் மோதுவதாக ஓட்டக்காரர்கள் கூறுவர். முறையாகப் பயின்று, முறையாக உண்டவரே அச்சுவரைத் தாண்டுவர். அளவுக்கு மிஞ்சி நீர் அருந்தினாலும் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து ஆபத்து நேரும். புதிய காலணியை ஓட்ட நாளில் முதன்முதலாக அணிவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும். காய்ச்சலோ நெஞ்சுவலியோ கண்டால் மருத்துவரை நாடி, ஓட்டத்தை விட்டுவிடுவதே அறிவுடைமை.

ஓடுகிறவர் ஒருவரே என்றாலும், பயிற்சி குடும்பம் முழுவதற்கும் உரியது. ஞாயிறு காலையில் கணவன் மூன்று மணி நேரம் ஓடச் சென்றால் குழந்தைகளை மனைவி பார்த்துக்கொள்ள வேண்டும். மனைவி ஓடினால் கணவன் அடுப்படியில் நிற்க வேண்டும். எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத கொடையாளிகள் இவர்கள்.

முதியவர் ஓடியது மழலைகளுக்காக

பஞ்சாபில் உழவுத் தொழில் செய்துவந்த ஃபௌஜா சிங், மனைவியை இழந்தபின் இலண்டனில் இருந்த மகனிடம் சென்று வாழ்ந்தார். 1994 இல் மற்றொரு மகனின் சாவையும் கண்டார். துயரத்தில் மூழ்கிய அம்முதியவர், ஓட்டத்தில் ஆறுதல் தேடினார். கடவுச்சீட்டின்படி அவர் பிறந்தது 1911 இல். 2000 ஆம் ஆண்டில் தமது 89 ஆம் வயதில் இலண்டன் மாரத்தானை ஓடி முடித்தார். ஏறத்தாழ ஏழு மணி நேரமாயிற்று. அவர் ஓடியது குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு உதவும் தொண்டு நிறுவனத்துக்காக! 2011 இல் டொராண்டோ நகரிலும் முழுத் தொலைவையும் கடந்தார். 2025 சூலையில் தம் சொந்த ஊருக்கருகே சாலை விபத்தில் மறைந்தார். மகனை இழந்த தந்தை, பிறர் பிள்ளைகள் பிழைத்திருக்க ஓடினார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

ஓட்ட நாள்

கிரீனிச் பகுதியில் தொடங்கும் ஓட்டம், பழைய பாய்மரக் கப்பலான கட்டி சார்க்கைச் சுற்றி, பாதித் தொலைவுக்குச் சற்று முன்னர் டவர் பாலத்தைக் கடந்து, தேம்ஸ் ஆற்றங்கரை வழியே சென்று, பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அருகில் முடிவடைகிறது. சட்டையில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து, முன்பின் அறியாத மக்கள் உரக்க அழைத்து ஊக்குவிக்கின்றனர். முதலில் வந்தவர் வீடு திரும்பிய பின்னரும் பல்லாயிரவர் ஓடிக்கொண்டும் நடந்துகொண்டும் வருவர். அவர்கள் திரட்டிய நிதி, முந்தி வந்தவரின் நிதியைவிடக் குறைந்ததன்று.

நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் இத்தகைய ஓட்டத்தில் சேர விரும்பினால், “எத்தனையாவதாக வருவாய்?” என்று கேட்க வேண்டாம். “யாருக்காக ஓடுகிறாய்? இன்று பயிற்சி செய்தாயா?” என்று கேட்போம். மார்பில் குத்திய எண்ணும், கழுத்தில் விழும் பதக்கமும் ஒரு நாளுக்குரியவை. உறங்கும் வீட்டாரை எழுப்பாமல் கதவை மெல்லச் சாத்திவிட்டு, குளிரில் தனியே இறங்கி ஓடிய காலைப்பொழுதுகளே அவர் தந்த கொடை. அவற்றை இடக்கையும் அறிந்ததில்லை.