எலியிடம் ஜெயித்த மாத்திரை, மனிதரிடம் ஏன் தோற்றது?

அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. காசைச் சுண்டிப் பார்ப்பது மாதிரிதான். ஆண், பெண் பேதம் கிடையாது. ஹன்டிங்டன் நோயின் கணக்கு அப்படி.

பெரும்பாலும் 30 வயதிலிருந்து 50 வயதுக்குள் தலைகாட்டும். கல்யாணம் முடித்து, குழந்தைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கும் பருவம்! கை, கால்கள் தாமாக ஆடும். எரிச்சல், மனச்சோர்வு, மறதி சேரும். பிறகு நடை, பேச்சு, விழுங்கும் திறன் என ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். காரணமான மரபணுவை 1993-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும், ஆட்டத்தைக் கட்டுப்படுத்த மருந்து உண்டே தவிர, நோயைக் குணமாக்க மருந்தில்லை.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதல்லவா? அதுதான் அழற்சி. மூளையிலும் 'மைக்ரோக்ளியா' என்ற காவல் செல்கள் உண்டு. ஹன்டிங்டன் நோயில் இவை ஓய்வில்லாமல் சண்டை போட்டு, நல்ல நரம்பு செல்களுக்கும் கேடு செய்கின்றன என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அப்படியானால், அழற்சியை அடக்கினால் நோயும் அடங்குமா?

முதலில் நம்பிக்கை தந்தது 'மினோசைக்ளின்'. முகப்பருவுக்குத் தரப்படும் பழைய ஆன்டிபயாடிக்தான். ஹன்டிங்டன் மரபணு புகுத்தப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது அவை கூடுதல் நாள்கள் உயிர்வாழ்ந்தன. 2000-ம் ஆண்டில் வெளியான இந்த முடிவு, பல குடும்பங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஆனால், 114 நோயாளிகளிடம் 18 மாதங்கள் சோதித்துவிட்டு, 'மேற்கொண்டு ஆராயும் அளவுக்குப் பலனில்லை' என்று 2010-ல் கைவிட்டார்கள். இதே மருந்தை ஏ.எல்.எஸ் என்ற வேறொரு நரம்பு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளின் நிலை இன்னும் வேகமாக மோசமானது. 'அழற்சிக்குத்தானே' என்று வீட்டிலிருக்கும் மாத்திரையை எடுத்து விழுங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே போதும்.

அடுத்து வந்தது 'லாக்வினிமோட்'. 10 நாடுகள், 352 நோயாளிகள், ஓராண்டு சோதனை. உடல் அசைவுகளில் முன்னேற்றமே இல்லை. ஆனால் ஸ்கேனில் ஓர் ஆச்சர்யம். இந்த நோயில் முதலில் சுருங்கும் 'காடேட்' என்ற மூளைப்பகுதி, மருந்து சாப்பிட்டவர்களிடம் குறைவாகவே சுருங்கியிருந்தது. படம் தேறியது, ஆள் தேறவில்லை!

மருந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்ததா? அப்படி நினைக்க இடமிருக்கிறது. அறிகுறிகள் தொடங்கும் என எதிர்பார்க்கப்படும் வயதுக்குச் சராசரியாக 16 ஆண்டுகளுக்கு முன்பே, மரபணு உள்ளவர்களின் ரத்தத்தில் 'இன்டர்லூகின்-6' என்ற அழற்சிப் பொருள் கூடியிருப்பதை 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. கை ஆடத் தொடங்கும்போது, உள்ளே பாதி வீடு எரிந்திருக்கலாம்.

சரி, முன்கூட்டியே கொடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். நன்றாக இருக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து தருவது சும்மா இல்லை. லாக்வினிமோட்டின் அதிக டோஸே இதய பாதிப்பு பற்றிய கவலையால் 2016-ல் நிறுத்தப்பட்டது. தவிர, முன்கூட்டியே தர வேண்டுமானால், மரபணு இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஆனால், தடுக்க வழியில்லாத நோயைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று, வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பரிசோதனைக்கே போவதில்லை.