அடுப்படிக்கும் ஒரு பட்ஜெட்: கடை முதலைத் தொடாமல் உறுதியான சமையலறை அமைக்கும் வழி

கடைக்கு நாலு ரேக் அடிக்க வேண்டுமென்றால் வணிகர்களாகிய நாம் எத்தனை இடத்தில் விசாரிக்கிறோம்! இரும்பு என்ன கேஜ், எத்தனை கிலோ தாங்கும், பத்து வருஷம் நிற்குமா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் முன்பணத்தை எடுக்கிறோம். அதே நாம் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கும்போது, ஷோரூமில் பளபளப்பான கதவைப் பார்த்த மாத்திரத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். சரக்கைக் கையில் தேய்த்துப் பார்த்து வாங்கும் பழக்கம் அங்கே மட்டும் நம்மை விட்டுப் போய்விடுகிறது.

நம் உறுப்பினர்களில் பலருக்குக் கடை முன்னால், வீடு பின்னால் அல்லது மாடியில். வீட்டாருக்கு மட்டுமல்லாமல் கடைப் பையன்களுக்கும் மதியச் சாப்பாடு அந்த அடுப்படியிலிருந்துதான் வருகிறது. காலை 5 மணிக்குப் பற்றவைக்கும் அடுப்பு இரவு கடை அடைத்த பிறகுதான் ஓய்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது பார்வைக்குரிய சமையலறை அல்ல, உழைக்கக்கூடிய சமையலறை. அதைச் சிக்கனமாக அமைக்கும் முறைகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

முதல் கேள்வி இதுதான். நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர், தீபாவளிக் கொள்முதலுக்காக ஒதுக்கி வைத்திருந்த தொகையில் கைவைத்துச் சமையலறை அமைத்தார். "இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறோம், மாதத் தவணையில் மீதியைக் கட்டலாம்" என்று சொன்னார்கள். வேலை இரண்டு மாதம் இழுத்தது. ரொக்கத்துக்கு எடுக்க வேண்டிய பருப்பையும் எண்ணெயையும் அவர் அந்த ஆண்டு மண்டியில் கடனுக்கு எடுத்தார். மூட்டைக்கு மூட்டை விலை கூடியது. போதாக்குறைக்கு, இரண்டாவது மழைக்காலத்தில் சிங்க் அடியிலிருந்த மரத்தூள் பலகை ஊறி, பொங்கி, கதவு மூட முடியாமல் போயிற்று. சமையலறையும் போயிற்று, சீசன் லாபமும் போயிற்று.

எனவே கடையின் சுழற்சி முதலைத் தொடாதீர்கள். மாதந்தோறும் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் தொகையிலிருந்து ஒரு பகுதியைத் தனியே சேர்த்து, அது கூடிய அளவுக்கு மட்டும் வேலையைத் தொடங்குங்கள். சமையலறையை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"வட்டியில்லாத் தவணை" என்று சொல்வதையும் வியாபாரியின் கண்ணால் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய் வேலைக்கு ரொக்கம் கொடுத்தால் 8,000 ரூபாய் தள்ளுபடி, தவணையில் கட்டினால் தள்ளுபடி இல்லை என்றால், அந்த 8,000 ரூபாய்தான் வட்டி. செயலாக்கக் கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டியில் ரொக்க விலையும் கடன் விலையும் பார்த்துப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: வீட்டுச் சமையலறைக்கு வாங்கிய பொருளின் பில்லைக் கடைக் கணக்கில் நுழைத்து ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு எடுக்க நினைக்காதீர்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த வரவு கிடையாது. உரிமையாளரின் சொந்தச் செலவு என்றே எழுதுங்கள். ஆனால் பில்லை மட்டும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு உத்தரவாதம் கேட்க அதுதான் கையிலிருக்கும் சாட்சி.

100 ரூபாயை எப்படிப் பங்கிடுவது?

மறைந்து போகும் வேலைக்கு முதல் பணம், கண்ணுக்குத் தெரியும் வேலைக்குக் கடைசிப் பணம் என்பதே நாம் சொல்லும் கணக்கு. சுவருக்குள் போகும் குழாயும் வயரும், கல்லுக்கு அடியில் போகும் பூச்சும் கெட்டுப்போனால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். கதவு பிடிக்கவில்லை என்றால் கீலைக் கழற்றி மாற்றிவிடலாம்.

கையில் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 35 ரூபாயைக் குழாய், கழிவுநீர், வயரிங், டைல்ஸ், பூச்சு வேலைக்கு ஒதுக்குங்கள். 30 ரூபாய் மேடைக்கும் சிங்க்குக்கும் கல் தட்டுகளுக்கும். 20 ரூபாய் கதவு, இழுப்பறைக்கு. மீதி 15 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எந்தக் கொத்தனாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மேடையின் உயரம்

மேடை 32 அங்குலமா, 34 அங்குலமா என்பதை ஷோரூமில் முடிவு செய்யக்கூடாது. சமைப்பவரை நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே அளந்து குறியுங்கள். அதுதான் காய் நறுக்கவும் மாவு பிசையவும் ஏற்ற உயரம். அடுப்பு அந்த மேடைக்கு மேல் இன்னும் சில அங்குலம் உயர்ந்து நிற்கும்; அதன்மேல் பத்துப் பேருக்குச் சோறு வடிக்கும் பெரிய பாத்திரம். எனவே அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் 3, 4 அங்குலம் தாழ்த்திக் கட்டினால் தோள்வலி குறையும். ஆண்டுக்கணக்கில் தினமும் நிற்கப்போகிறவர் அவர்தானே! இந்த ஒரு வேலைக்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை. கேட்க வேண்டியவரைக் கேட்டால் போதும்.

எந்தக் கல், எந்தப் பலகை?

மேடைக்குக் கிரானைட்டே சிக்கனம். புளி, எலுமிச்சை, மோர் எதுவும் அதை அரிக்காது. மார்பிளைத் தவிர்த்துவிடுங்கள், புளிப்புப் பட்டால் பளபளப்புப் போய்த் தழும்பு விழும். கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு வகைக் கல்தான். அதனால் மேடையின் மேற்பரப்புக்கு அது ஏற்றதல்ல. ஆனால் கீழ்த்தட்டுகளுக்கு அதற்கு ஈடு கிடையாது. விலை குறைவு, கரையான் தொடாது, தண்ணீரில் ஊறாது, அரிசி மூட்டையின் பாரத்தையும் தாங்கும். மேடைக்கடியில் கடப்பைக் கல்லால் அறைகள் கட்டி, முன்னால் கதவு மட்டும் போட்டால் பெட்டி செய்யும் பலகைச் செலவு முழுவதும் மிச்சம்.

பலகைதான் வேண்டும் என்றால் மூன்றைப் பிரித்தறியுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு விலை குறைவு; ஆனால் ஓரம் வழியே தண்ணீர் இறங்கினால் பொங்கிவிடும். மேல் அலமாரிக்கு வைத்துக்கொள்ளலாம், சிங்க் பக்கம் கூடவே கூடாது. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 என்பது மரைன் வகை, 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படுவது. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு 710தான். கடைக்காரர் வாயால் "வாட்டர் ப்ரூப்" என்று சொல்வதை விட்டுவிட்டு, பலகையின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பலகையானாலும் வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றையும் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள். பலகை கெடுவது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான்.

சிங்க் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்ப்பது நம்மவர் வழக்கம். காந்தம் ஒட்டினால் அது மட்டமான ரகம் என்று ஒதுக்கலாம். ஆனால் ஒட்டாவிட்டால் உயர்ந்த ரகம் என்று எண்ணிவிடக் கூடாது. 304 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, நிக்கல் குறைந்த 202 ரகமும் ஒட்டாது. 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. உப்பும் புளியும் படும் இடத்தில் துருவை அதிகம் தாங்கும். எனவே ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

தண்ணீர், எலி, கரப்பான்

பக்கத்தில் குடோன் வைத்திருக்கும் நமக்கு இது வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. அடுப்படியில் குடியேறும் எலி அடுத்த வாரம் மூட்டைக்குப் போகும். சிங்க் கழிவுக் குழாயில் வளைந்த 'டிராப்' கட்டாயம் இருக்க வேண்டும். அதில் தேங்கி நிற்கும் தண்ணீரே சாக்கடை நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும் கதவு. நெளிவுநெளிவான மலிவுக் குழாயை நேராகத் தரைத் துளையில் சொருகிவிட்டுப் போகும் பிளம்பரை அனுப்பிவிடாதீர்கள். சரிசெய்த பிறகே கூலி கொடுங்கள். குழாய் சுவரைத் துளைக்கும் இடத்திலுள்ள இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். ஜன்னலுக்கும் வென்டிலேட்டருக்கும் கம்பி வலை அடியுங்கள். தரை டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கழிவுத் துளையை நோக்கி ஓடாமல் மூலையில் தேங்கினால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

கேஸும் கரண்டும்

இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படிந்து கதவிடுக்கு வழியே கடைக்குள்ளும் இறங்கும். அங்கே சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைப்பதானால், கதவின் அடிப்பக்கம் காற்றோட்டத் துளைகள் வேண்டும். சிலிண்டர் செங்குத்தாக நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தரையை ஒட்டிய பிளக் பாயிண்ட் எதுவும் அருகில் கூடாது. ரப்பர் டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கசிவைச் சோதிக்கச் சோப்புத் தண்ணீர் போதும், தீக்குச்சியைக் கொண்டுபோகாதீர்கள். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

மின்சாரத்தில், 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும். அதற்கென்று 16 ஆம்பியர் பாயிண்ட்டும், போர்டிலிருந்து தனி வயரும் போடச் சொல்லுங்கள். மிக்ஸி, கிரைண்டருக்குத் தனித்தனிப் பாயிண்ட் வேண்டும், சிங்க்கிலிருந்து எட்டியிருக்கட்டும். ஈரக் கையோடு புழங்கும் இடம் என்பதால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது உயிருக்குக் காவல்.

அளவும் ஒப்பந்தமும்

படி, மரக்கால் காலத்திலிருந்து அளவில் ஏமாறாதவர்கள் நாம். மரவேலை அளவில் மட்டும் ஏமாறுகிறோம். ஒருவர் சதுர அடிக்கு விலை சொல்வார், இன்னொருவர் நீள அடிக்குச் சொல்வார். சதுர அடியிலும் முன்பக்கக் கதவை மட்டும் அளப்பவர் உண்டு. உள் தட்டுகளைத் தனியாக அளப்பவரும் உண்டு. 10 அடி நீளமும் இரண்டே முக்கால் அடி உயரமும் உள்ள கீழ் அலமாரி முன்பக்க அளவில் 27.5 சதுர அடி. உள் தட்டையும் பக்கப் பலகையையும் சேர்த்து அளந்தால் கணக்கே வேறு. எனவே மூன்று பேரிடம் விலை கேட்டால், மூவரிடமும் ஒரே படத்தைக் கொடுத்து, மொத்த வேலைக்கும் சேர்த்து ஒரே தொகையாக எழுதி வாங்குங்கள். பலகையின் ரகம், தடிமன், கீல், சேனல் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பணத்தை வேலை நடக்க நடக்கப் படிப்படியாகக் கொடுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவரிடம் யோசித்துப் பேசுங்கள். பத்தில் ஒரு பங்கை, ஒரு மாதம் சமைத்துப் பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பதிலுக்கு நாமும் சொன்ன தேதியில் சொன்ன தொகையைக் கொடுத்துவிட வேண்டும். கூலிக்காரர் காத்திருந்தால் வேலை நாறும்.

எப்போது தொடங்கலாம்?

பொங்கல் வியாபாரம் முடிந்து, மாசி, பங்குனியில் தொடங்குவது மளிகைக்காரருக்கு வசதி. வெயிலும் காற்றும் இருப்பதால் பூச்சும் பலகையும் நன்றாகக் காயும். ஐப்பசி மழையில் ஈரச் சுவரோடு மரத்தைச் சேர்த்து அடித்தால் மறு ஆண்டே பூஞ்சணம் பூக்கும். இந்த ஆண்டு குழாய், வயர், மேடை, கல் தட்டு. அடுத்த ஆண்டு கதவு, இழுப்பறை. அதற்கடுத்த ஆண்டு பரணும் மேல் அலமாரியும் என்று வைத்துக்கொண்டாலும் குறைவில்லை. கதவில்லாத கல் தட்டுக்கு ஓராண்டு திரைத்துணி தொங்கினால் கௌரவம் குறைந்துவிடாது.

உறுப்பினர்கள் தங்கள் ஊரில் நேர்மையாகவும் சுத்தமாகவும் வேலை செய்யும் கொத்தனார், தச்சர், பிளம்பர்களை ஒருவருக்கொருவர் சொல்லி உதவுங்கள். நல்ல சரக்கு எங்கே கிடைக்கும் என்று நமக்குள் பேசிக்கொள்வது போல, நல்ல கைவேலை எங்கே கிடைக்கும் என்பதையும் பேசிக்கொண்டால் பலர் வீட்டுப் பணம் மிச்சமாகும்.